ஓஸ்டர்லோ அணியின் சுத்த மத்யமம்

ஓஸ்டர்லோ கிராமத்தின் முரசு எக்காள அணி, 1971-ஆம் ஆண்டின் வசந்த காலம் முழுவதும் ஒரே கேள்வியில் இரண்டாக உடைந்து கிடந்தது: எக்காளத்தில் வால்வு வைக்கலாமா, கூடாதா?

மேற்கு ஜெர்மனியின் ஹம் நகரிலிருந்து உள்ளூர் ரயிலில் பன்னிரண்டு நிமிடம் போனால் ஓஸ்டர்லோ. மக்கள்தொகை ஆயிரத்து நூறு. ரொட்டிக்கடை இரண்டு. சண்டை முற்றியதும் வால்வு வேண்டும் என்பவர்கள் ஒரு கடையிலும் வேண்டாம் என்பவர்கள் மற்றதிலும் ரொட்டி வாங்கத் தொடங்கினார்கள். நல்ல ரொட்டி வால்வுக்காரர்களின் கடையில்தான் கிடைத்தது. ஆகவே வேண்டாம் கட்சியினர் அந்தக் கடைக்குத் தங்கள் மனைவிமாரை அனுப்பினார்கள்.

அணி என்பது பன்னிரண்டு எக்காளங்கள், நெருப்பு நாக்குகள் வரைந்த பத்து நீள முரசுகள், முன்னால் ஒரு கொடி. கொடியில் 1648 என்று தங்கநூலில் தைத்திருந்தது. ஒவ்வொரு எக்காளத்திலிருந்தும் ஊர்ச் சின்னம் பொறித்த ஒரு பட்டுத்துணி தொங்கும். எக்காளம் என்றால் நம் கோயில் எக்காளத்தை மடக்கி வளைத்ததுதான். துளையும் கிடையாது, விரலுக்கு வேலையும் கிடையாது. உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் ஊதினால் குழலே தருகிற ஏழெட்டு சுரங்கள் வரும். அவற்றில் மத்யமம் மட்டும் பிறவிக் கோளாறு. சுத்த மத்யமமும் இல்லாமல் பிரதி மத்யமமும் இல்லாமல் நடுவில் தொங்கும். ஓஸ்டர்லோக்காரர்களுக்கு மட்டும் அது சுத்தமாக வரும். அந்த ஒரு சுரத்துக்காகவே பதினான்கு வெற்றிக் கோப்பைகள் தலைவர் பிரிங்க்மானின் மதுக்கடைக் கண்ணாடி அலமாரியில் நின்றன.

பதினைந்தாவது நிற்கவில்லை. முந்தைய ஆண்டு வுப்பர்டால் போட்டியில், விரலால் அழுத்தினால் எல்லாச் சுரமும் வரும் மூன்று வால்வு வைத்த எக்காளத்தோடு வந்த ஓர் அணி சினிமா மெட்டு ஒன்றை முழுதாக வாசித்துவிட்டுப் போனது. நடுவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஓஸ்டர்லோவுக்கு நான்காம் இடம். அன்றிரவு திரும்பி வந்த பேருந்தில்தான் உள்ளூர்ப் பள்ளியின் இசை ஆசிரியர் ஹோல்ட்காம்ப் முதன்முதலாக அந்தச் சொல்லைச் சொன்னார். அவருக்கு வயது இருபத்தெட்டு. அணியில் மூன்றாம் எக்காளம்.

"வால்வா?" என்றார் பிரிங்க்மான். "இன்னைக்கு வால்வு. நாளைக்கு சாக்ஸபோன். சாக்ஸபோன் வந்தா அப்புறம் பொம்பளைங்க வருவாங்க."

பேருந்து மொத்தமும் அமைதியாக அந்த எதிர்காலத்தை எண்ணிப் பார்த்தது.

இப்படிப்பட்ட அணிகளின் மாநிலச் சங்கம் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. இனி போட்டியில் இரண்டு பிரிவு: இயற்கைச் சுரம் ஒன்று, வால்வு ஒன்று. எந்தப் பிரிவு என்று ஒவ்வொரு அணியும் பொதுக்குழுவில் முடிவு செய்ய வேண்டும். இயற்கைப் பிரிவில் சேர்வதானால், தங்கள் எக்காளங்களில் 'வால்வோ துளையோ வேறெந்த உபாயமோ இல்லை' என்று படித்த நிபுணர் ஒருவர் அளந்து பார்த்து எழுதிக் கொடுத்த சான்றிதழ் வேண்டும்.

அந்த நிபுணர், பிரிங்க்மானின் வீட்டு மாடியிலேயே குடியிருந்தார்.

டாக்டர் சேஷாத்ரி ஹம் நகரின் கம்பி ஆலை ஒன்றில் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். எஃகுக் கம்பி அறுவதற்கு முன் எப்படி அதிரும் என்று அளப்பது அவர் தொழில். ஆஹன் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கி, வேலை கிடைத்து, பதினான்கு மாதங்களுக்கு முன் சென்னைக்குப் போய் வைதேகியைக் கல்யாணம் செய்துகொண்டு, பதினெட்டாம் நாள் தனியாகத் திரும்பி வந்தவர். மனைவியை வரவழைக்க எல்லாக் காகிதமும் சேர்ந்துவிட்டன, ஒன்றைத் தவிர. இரண்டு பேர் வாழப் போதுமான இடம் வீட்டில் உண்டு என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட படிவம் அது. வெளிநாட்டார் அலுவலகத்தில் அதைக் கொடுக்க வேண்டிய நாள் ஜூன் பதினான்கு, திங்கட்கிழமை. அன்று தவறினால் அடுத்த வாய்ப்பு நவம்பரில்தான்.

"தாராளமா போடறேன், ஹெர் டாக்டர்," என்றார் பிரிங்க்மான், படிவத்தை வாங்கி மதுக்கடைக் கல்லாவுக்கு அடியில் வைத்தபடி. "அதுக்கு முன்னாடி எங்களுக்கு ஒரு சின்ன உதவி. நீங்க விஞ்ஞானி. அதுக்கு மேல இந்தியாக்காரர். உங்க ஊர் சங்கீதம் மூவாயிரம் வருஷம் பழசு. அதுல வால்வு உண்டா?"

"கிடையாது," என்றார் சேஷாத்ரி பெருமையாக.

அவருடைய பெருமைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருந்தது. இருபத்திரண்டாம் வயதில், மயிலாப்பூர் சபை ஒன்றில் கிளாரினெட் கச்சேரி வைக்கக் கூடாது என்று ஒரு மனு தயாராயிற்று. அந்நிய வாத்தியம், சாவி வைத்த வாத்தியம், கமகம் செத்துப்போகும் என்று மூன்று காரணங்கள். சேஷாத்ரி அதற்காக வீடு வீடாகப் போய் நூற்றுப் பதினேழு கையெழுத்து வாங்கினார். முதல் கையெழுத்து ஒரு வயலின் வித்துவானுடையது.

வுப்பர்டாலில் சாய ரசாயனம் படித்துக்கொண்டிருந்த நடேசன், ஞாயிறுதோறும் சாம்பாருக்காக ரயிலேறி வருவான். இந்தக் கதையை அவன் பலமுறை கேட்டிருக்கிறான். கேட்கும்போதெல்லாம் அதே இடத்தில் சிரிப்பான்.

"சாமி, வயலின் எந்த ஊர் வாத்தியம்? உங்க மாயவரத்துல காய்ச்சதா?"

"அது நம்ம சங்கீதத்துல கலந்து போயிடுத்துடா. எரநூறு வருஷமாச்சு."

"அப்ப கிளாரினெட்டுக்கு இன்னும் நூறு வருஷம் வெயிட் பண்ணச் சொல்றீரு. நல்லது. இந்த ஊர்க்காரனுக ஏன் உம்மளப் புடிச்சானுகன்னு இப்பப் புரியுது."

சனிக்கிழமை காலை, ஆலையில் யாரும் இல்லாத நேரம், பிரிங்க்மான் மூன்று எக்காளங்களுடன் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். ஒன்று அவருடையது, மற்ற இரண்டும் குலுக்கிப் போட்டு எடுத்தவை. ஒலியைக் கோடாக வரைந்து காட்டும் அலைமானியின் பச்சைத் திரைக்கு முன்னால் நின்று ஒவ்வொரு சுரமாக ஊதினார். அறுபது வயது மனிதர். கன்னம் உப்பி முகம் செம்பருத்திபோல் சிவந்தது. சேஷாத்ரி குழலின் நீளத்தை அளந்தார், எண்களைக் குறித்தார். மத்யமம் வரும் வரை எல்லாம் கணக்குப்படி இருந்தது. மத்யமம் மிகச் சுத்தமாக வந்தது. அந்த நீளமுள்ள குழலில் அது வரவே முடியாது.

"துணியைக் கொஞ்சம் கழற்றிக்கலாமா?"

"துணியோடதான் ஊதணும். அது மரபு," என்றார் பிரிங்க்மான். பிறகு, பைப் பற்ற வைக்க முற்றத்துக்குப் போனார்.

சேஷாத்ரி பட்டுத்துணியைத் தூக்கிப் பார்த்தார். குழலின் அடிப்பக்கத்தில் மிளகு அளவுக்கு ஒரு துளை. அதைச் சுற்றிப் பித்தளை தேய்ந்து பளபளத்தது. பல ஆண்டுகள் ஒரு கட்டைவிரல் அங்கே உட்கார்ந்து எழுந்திருக்கிறது. மற்ற இரண்டையும் தூக்கினார். அவற்றிலும் துளை, அதே இடத்தில், அதே பளபளப்பு. துளைக்குச் சற்றுத் தள்ளி, செய்தவர் பெயரும் 1935 என்ற ஆண்டும் பொறித்திருந்தன. ஆண்டுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு முத்திரையை அரத்தால் ராவி எடுத்த தழும்பு. அது என்ன முத்திரை என்று கேட்கும் வழக்கம் அந்த ஊரில் இல்லை.

பிரிங்க்மான் திரும்பி வந்தபோது துணி மூன்றும் மேசைமேல் மடித்து வைக்கப்பட்டிருந்தன. அவர் அதைப் பார்த்தார். கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்கப்பா போட்டது. முப்பத்தாறுல. அவருக்கு டிரில் புடிச்சுக் கொடுத்ததே நான்தான்."

"ஆனா விதியில துளை கூடாதுன்னு இருக்கே, ஹெர் பிரிங்க்மான்."

"விதி இந்த வருஷத்து விதி. துளைக்கு வயசு முப்பத்தஞ்சு. எது மரபு? நீங்களே சொல்லுங்க."

பிரிங்க்மான் எழுந்து துணிகளை ஒவ்வொன்றாக, பூணூல் முடிச்சைப் பார்ப்பதுபோன்ற கவனத்துடன் கட்டினார்.

"வால்வுங்கறது மெஷின். எல்லாரும் பார்க்கற மாதிரி நடுவுல உக்காந்திருக்கும். துளை அப்படியில்லே. யாருக்கும் தெரியாது. அடக்கமானது." வாசலில் நின்று திரும்பினார். "வெள்ளிக்கிழமை பொதுக்குழு. உங்க அறிக்கையைப் படிச்சதும் உங்க படிவத்தை அங்கேயே கையெழுத்துப் போட்டுத் தந்துடறேன். திங்கட்கிழமைதானே உங்களுக்கு?"

மறுநாள் சாம்பார் சாதத்தைப் பிசைந்தபடி நடேசன் முழுக் கதையையும் கேட்டான்.

"மூணுல மூணு ஓட்டை. அப்ப பன்னெண்டுல எத்தனை? நீர்தானே டாக்டரு."

"அதைச் சொல்ல முடியாதுடா. சாம்பிள் சின்னது. ஹோல்ட்காம்ப் மாதிரி ஆளுங்க நேர்மையா வெளிப்படையா வால்வு கேக்கறா. அவா கட்சிக்கு இது தெரிஞ்சிருக்காது. பொதுக்குழுவில எல்லாருக்கும் முன்னாடி சொன்னா, நியாயம் அவா பக்கம் நிக்கும். பிரிங்க்மானுக்கும் வேற வழி இருக்காது, படிவத்துல கையெழுத்துப் போட்டுத்தான் ஆகணும்."

"ஏன் போட்டுத்தான் ஆகணும்?"

"மினிட்ஸ்ல ஏறிடுமேடா."

நடேசன் சாப்பிடுவதை நிறுத்தி அவரை நிமிர்ந்து பார்த்தான். "சாமி, உம்ம பொண்டாட்டி பதினாலு மாசமா மாக்ஸ்முல்லர் பவன்ல ஜெர்மன் படிச்சிட்டு ஒக்காந்திருக்கு. இன்னும் ஆறு மாசம் போனா அங்கேயே டீச்சராயிடும். பேசாம உதடுன்னு எழுதிக் குடும். பிரிங்க்மானோட உதடு தெய்வீக உதடு, அதனால மத்யமம் சுத்தமா வருது. முடிஞ்சுது சோலி."

சேஷாத்ரி அதைக் கேட்டுக்கொண்டார். அவர் முறையான மனிதர். இரண்டு அறிக்கைகள் தட்டச்சு செய்தார். துளையைப் பற்றியது கோட்டின் இடப் பையில், உதட்டைப் பற்றியது வலப் பையில்.

வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு மதுக்கடையின் பின்கூடத்தில் பொதுக்குழு கூடியது. வெளியே இன்னும் நல்ல வெயில். நாற்பத்தொரு உறுப்பினர்கள், நடுவில் பாதை விட்டு இரண்டு பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். பாதையின் அகலத்தை யாரோ அளந்து வைத்ததுபோல் இருந்தது. முதல் பொருள்: மறைந்த உறுப்பினர்களுக்கு எழுந்து நின்று அஞ்சலி. இரண்டாம் பொருள்: சென்ற கூட்டத்தின் குறிப்பில் 'சத்தமாக' என்பதை 'உரக்க' என்று திருத்துவது பற்றி இருபது நிமிட விவாதம். மூன்றாம் பொருள்: வால்வு.

ஹோல்ட்காம்ப் நன்றாகப் பேசினார். "ஏழு சுரத்தை வச்சுக்கிட்டு ஊர்வலம் போகலாம், தீயணைப்பு வண்டிக்கு வழி விடச் சொல்லலாம். சங்கீதம் வாசிக்க முடியாது. இளைஞர்கள் நம்மை விட்டுப் போறாங்க. நேர்மையா ஒரு மெட்டை முழுசா வாசிக்கலாமே. நான் கேக்கறது அவ்வளவுதான்."

பின்வரிசையிலிருந்து ஒரு கிழவர் கத்தினார்: "1648-ல எங்க தாத்தாங்க வால்வோடயா போருக்குப் போனாங்க?"

"1648-ல முப்பது வருஷப் போரே முடிஞ்சு போச்சு!" என்றது எதிர்ப் பக்கம்.

பிரிங்க்மான் மணியடித்தார். "நிபுணர் அறிக்கை."

சேஷாத்ரி எழுந்து முன்னால் போனார். எண்பத்திரண்டு கண்கள். ஹோல்ட்காம்ப் அவரைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். 'நேர்மையா' என்ற சொல் இன்னும் கூடத்தில் நின்றது. மயிலாப்பூரில் வெயிலில் அலைந்து வாங்கிய நூற்றுப் பதினேழு கையெழுத்துகளும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அவர் கை இடப் பைக்குப் போனது.

"மதிப்புக்குரிய உறுப்பினர்களே. மூன்று எக்காளங்களை அளந்தேன். குழலின் நீளப்படி இந்த மத்யமம் கிடைக்க வழியில்லை. ஆகவே ஒவ்வொன்றிலும் துணியைத் தூக்கிப் பார்த்தேன். அங்கே..."

"ஒழுங்குப் பிரச்சினை!"

குரல் ஹோல்ட்காம்ப்புடையது. அவர் நாற்காலி கவிழ எழுந்து நின்றிருந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "துணியைத் தூக்கறது நிகழ்ச்சி நிரல்ல இல்லை! விவாதத்தை முடிக்கணும்னு முன்மொழியறேன்!"

"வழிமொழியறேன்!" என்றது வேண்டாம் கட்சி, ஒரே குரலில்.

சேஷாத்ரி கூடத்தைப் பார்த்தார். பன்னிரண்டு எக்காளக்காரர்களும், இரண்டு பக்கத்திலும், மேசைமேல் தங்கள் வலது கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடித்து வைத்துக்கொண்டிருந்தார்கள். முரசு அடிப்பவர்கள் கண்ணாடி அலமாரியைப் பார்த்தார்கள். பதினான்கு கோப்பைகள். அவற்றில் மூன்றின்மேல் ஹோல்ட்காம்ப்பின் அப்பா பெயர் பொறித்திருந்தது, இரண்டின்மேல் மகனுடையதே.

நான்கு மாதம் பேசாதிருந்த பிரிங்க்மானும் ஹோல்ட்காம்ப்பும் சமையலறைக்குள் போனார்கள். கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார்கள். வால்வுத் தீர்மானம் திரும்பப் பெறப்பட்டது. ஹோல்ட்காம்ப் இனி அணியின் துணைத் தலைவர். எக்காளங்களில் வயதின் காரணமாக 'இயல்பாக ஏற்பட்ட தேய்மானங்கள்' உபாயம் என்ற சொல்லில் அடங்கா என்று ஒரு தீர்மானம் வாசிக்கப்பட்டது. நாற்பத்தொரு கை உயர்ந்தது. ஒன்பது ஆண்டுகளில் அணி ஒருமனதாக எதையும் நிறைவேற்றியதில்லை. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நிபுணரின் பேச்சு 'அறிக்கை தரப்பட்டது, நன்றி தெரிவிக்கப்பட்டது' என்று குறிப்பில் ஏறியது.

பிரிங்க்மான் சேஷாத்ரியை ஜன்னலோர மேசைக்கு அழைத்துப் போனார். மேசைமேல் இரண்டு காகிதங்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒன்று மாநிலச் சங்கத்தின் சான்றிதழ், பன்னிரண்டு எக்காளங்களுக்கும், கீழே வெற்றுக் கோடு. மற்றது வீட்டுப் படிவம். இரண்டு அறை, சமையலறை, குளியலறை எல்லாம் அழகான கையெழுத்தில் நிரப்பியிருந்தது. கீழே வெற்றுக் கோடு. பேனா ஒன்றுதான்.

"நீங்க முதல்ல," என்றார் பிரிங்க்மான், விருந்தாளியை வாசலில் முன்னால் போகச் சொல்வதுபோல.

ஹோல்ட்காம்ப் பக்கத்தில் வந்து நின்றார். தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஹெர் டாக்டர், எனக்கு வால்வு வேணும்கறது நிஜம். ஆனா அசிங்கப்பட்டு வேணாம்."

சேஷாத்ரி திங்கட்கிழமையை நினைத்தார். பிறகு நவம்பரை நினைத்தார். 'அளந்து பார்த்தேன்' என்ற வரி மட்டுமாவது உண்மை என்று தனக்கே சொல்லிக்கொண்டு கையெழுத்திட்டார். ஒன்பது எக்காளங்களை அவர் அளக்கவே இல்லை என்பது வெளியே வந்து படியிறங்கும்போதுதான் உறைத்தது.

ஆகஸ்ட் கடைசியில் வைதேகி வந்து சேர்ந்தாள். வந்த எட்டாம் நாள் ஊர்த் திருவிழா. பட்டுப் புடவைமேல் நடேசன் கொடுத்த மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, பிரிங்க்மான் வீட்டு வாசலில் சேஷாத்ரியோடு நின்றாள். வுப்பர்டாலில் இயற்கைச் சுரப் பிரிவில் முதல் பரிசு வாங்கிய பதினைந்தாவது கோப்பையைத் தூக்கிக்கொண்டு அணி வந்தது. முரசுகள் அதிர்ந்தன. வீட்டு வாசலில் தலைவருக்கு மரியாதையாக அணி நின்று ஊதியது. பிரிங்க்மான் அன்று ஊதவில்லை. தலைவருக்குரிய கழுத்துப் பட்டையோடு அவர்களுக்குப் பக்கத்தில் நின்று கேட்டார்.

வைதேகி பதினோரு வயதிலிருந்து புல்லாங்குழல் வாசித்தவள்.

"ஏன்னா, அந்த மத்யமம் எப்படி இவ்வளவு சுத்தமா வரது? வால்வு கெடையாதுன்னேளே?"

"உதடு," என்றார் சேஷாத்ரி, நேராகப் பார்த்தபடி.

"உதடா? என்கிட்டயா சொல்றேள்? அந்த மூணாவது மாமாவோட கட்டைவிரல் துணிக்கு உள்ள ஏன் குதிக்கறது? ஒவ்வொரு மத்யமத்துக்கும் ஒரு குதி."

"மெதுவாப் பேசு."

"தமிழ்லதானே பேசறேன். அது போகட்டும், ஓட்டை கெடையாதுன்னு எழுதிக் கொடுத்திருக்கேளாமே, நடேசன் சொன்னான். கிளாரினெட்டுக்கு ஆகாதுன்னு எங்காத்துக்கும் வந்து கையெழுத்து வாங்கிண்டு போனேள், ஞாபகம் இருக்கா? எங்கப்பா போட்டார்."

பிரிங்க்மான் புன்னகையோடு குனிந்தார். "ஃப்ராவ் டாக்டர் என்ன சொல்றாங்க?"

"இவ்வளவு சுத்தமான சுரத்தை எங்க ஊர்லகூட கேட்டதில்லைன்னு சொல்றா," என்றார் சேஷாத்ரி.

பதினாறு மாதம் ஜெர்மன் படித்த வைதேகி, மாக்ஸ்முல்லர் பவன் இலக்கணம் ஒன்றும் பிசகாமல் சொன்னாள்: "மன்னிக்க வேண்டும், ஹெர் பிரிங்க்மான். என் கணவர் பாதியை விட்டுவிட்டார். துணியை இன்னும் நான்கு விரல் நீளமாகத் தைக்கச் சொல்லுங்கள். இங்கிருந்தே தெரிகிறது."

பிரிங்க்மானின் முகம் எக்காளம் ஊதாமலேயே சிவந்தது. அவர் அணியைப் பார்த்தார், மூன்றாம் எக்காளத்தைப் பார்த்தார், தன் கட்டைவிரலைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி அவளுக்குத் தலை வணங்கினார்.

அடுத்த பொதுக்குழுவில் அது ஐந்தாம் பொருளாக வந்தது. மரபைப் பேணும் பொருட்டுப் பட்டுத்துணிகளை எட்டு சென்டிமீட்டர் நீட்டுவது என்று ஒருமனதாக நிறைவேறியது. முன்மொழிந்தவர் பெயர் குறிப்பில் இல்லை. அணியில் பெண்களுக்கு இடம் கிடையாது.